ஈயப் பொட்டு

என் வீட்டுக்காரருக்கு அரூர் கடைத்தெருவில் தகரக்கடை. புனல், மண்ணெண்ணெய் விளக்கு, ஓட்டை பக்கெட்டுக்குப் புது அடி என்று காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருப்பார். நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்ததாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில், சுவரோடா குடும்பம் நடத்த வந்தேன் என்று அழுதிருக்கிறேன்.

அந்த மனிதரைப் பேசவைத்தது ஒரு கிளி. எண்பதுகளின் தொடக்கத்தில், காற்றில் விழுந்த பனைமரத்துப் பொந்திலிருந்து இறகு முளைக்காத குஞ்சாக யாரோ கடைக்குக் கொண்டுவந்தார்கள். அதை மடியில் வைத்து, பொட்டுக்கடலை மாவைக் கரைத்து விரலால் ஊட்டினார். என்னிடம் சொல்லாத கதையெல்லாம் அதனிடம் சொன்னார். "இன்னிக்கு வெயிலப் பாத்தியாடா?" என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

"இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பேசுங்க, நானும் தலையாட்டுவேன்" என்று வம்பிழுப்பேன். சிரிப்பார். போகப்போக, திரும்பியும் பேசினார்.

ஒருநாள் கிளி மூங்கில் கூண்டைக் கடித்துத் துளைத்து வெளியே வந்தது. பூனை பாய்ந்துவிட்டது. நல்லவேளை, வாலில் இரண்டு இறகோடு போயிற்று. அவர் பதறிப்போய், வந்த வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கம்பிக்கூண்டு ஒன்று செய்தார். கொய்யாத்துண்டு செருக ஒரு கொக்கி, கம்புத் தானியத்துக்கும் தண்ணிக்கும் இரண்டு தகரக் கிண்ணம். கம்பியும் கம்பியும் சேரும் இடமெல்லாம் ஈயத்தை உருக்கிப் பளபளவென்று பொட்டு வைத்து ஒட்டியிருந்தார். கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கிளிக்கு அந்தப் பொட்டுகள் மேல் கொள்ளை ஆசை. எந்நேரமும் கொத்திக்கொண்டிருக்கும். "எம் வேலைய பரீட்சை பண்றான் பாரு" என்று பூரித்துப்போவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் தேய்ந்த இடத்தில் புதுப்பொட்டு வைப்பார்.

பிறகு கிளி சோர்ந்தது. இறகை உப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தது. எச்சம் பச்சைத் தண்ணியாகப் போனது. ஓமத்தண்ணி கொடுத்தோம், துணி போர்த்தினோம். பிரியமான பச்சைமிளகாயைக்கூடத் தொடாத கிளி, ஈயப் பொட்டைக் கொத்துவதை மட்டும் விடவில்லை. "கொத்துது பாரு, தெம்பு இருக்குது" என்று அவர் இன்னும் பெரிதாகப் பொட்டு வைத்தார்.

கால் பிடி நழுவி அது கீழே விழுந்த அன்று, அவருக்குப் பார்க்கத் தைரியமில்லை. நானே கூண்டோடு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் கிளியைப் பார்த்தார். கூண்டைத் திருப்பி, பொட்டுகளில் இருந்த அலகுத் தடங்களை விரலால் தடவினார்.

"ஈயம்மா இது. கடிச்சுக் கடிச்சு உள்ள போயிருக்குது. பறவைக்கு வெசம். யார் செஞ்ச கூண்டு?"

"சந்தையில வாங்குனதுங்க."

அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"மொதல்ல வெளிய எடுங்க. மருந்து தர்றேன். ஆனா ரொம்ப முத்திப்போச்சு."

நாளெல்லாம் ஈயத்தைத் தொட்டு, அந்தக் கையாலேயே சோறு தின்கிற மனிதர். அவருக்கு எப்படித் தோன்றும்? வழியெல்லாம் அழுதேன், கிளிக்காகப் பாதி, அவருக்காகப் பாதி.

மறுநாள் கிளி என் மடியில் செத்தது. கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தவர், "என்ன நோவுன்னு சொன்னாரு?" என்று கேட்டார்.

"காச்சலாமுங்க" என்றேன்.

கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டம்மா வந்தார். பிள்ளைக்குக் கிளி வாங்கியிருக்கிறார்களாம், கூண்டு சும்மாதானே கெடக்குது என்றார். கிளி போனதிலிருந்து வாடிக்கிடந்த என் வீட்டுக்காரர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"எடுத்துக்குங்க. தேஞ்ச எடத்துல நல்லாப் பொட்டு வெச்சுத் தாரேன்."

"குடுக்க முடியாது" என்றேன். கஞ்சம் என்று அந்தம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார். வீட்டுக்காரர் என்னைச் சமாதானப்படுத்திவிட்டு, ஈயம் எடுத்துவரக் கடைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள், வீட்டிலிருந்த அவருடைய சுத்தியலாலேயே கூண்டை அடித்து நொறுக்கினேன்.

வந்து பார்த்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வளைவை நிமிர்த்தி, பரண்மேல் வைத்தார். அன்றோடு அவர் பேச்சு பழையபடி நின்றுபோனது. நான்தான் நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும் பேசியிருப்பாரா?

பல வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்தவர் தானாகவே வாயைத் திறந்தார்.

"அந்தக் கூண்டுல அவன் நல்லாத்தான இருந்தான்?"

"ராஜா மாதிரி இருந்தானுங்க" என்றேன்.