சிவப்பு அட்டையில் இரண்டாவது வரி

எங்க அக்காவுக்குக் கோபமே வராது. அவ பங்கையும் சேர்த்து எனக்குத்தான் வரும். அதனால இந்தக் கதையை நான் சொல்றதுதான் சரி. அவகிட்ட கேட்டா, முடிஞ்சு போனதை எதுக்குடி கிளறறேன்னு சொல்லிட்டுத் துணி மடிக்கப் போயிடுவா.

அக்கா ஒரு மருந்துக் கிடங்குல பொறுப்பாளர். பொட்டி கட்டுற வேலையில சேர்ந்து, படிப்படியா ஏறி, பத்தொன்பது வருஷம். தடுப்பூசி, இன்சுலின்னு குளிர்லயே இருக்க வேண்டிய மருந்தெல்லாம் அவ கையைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். குளிர் அறைக்குள்ள ரெண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலயும் ஏறக் கூடாது. ஏதாவது சந்தேகம்னா பொறுப்பாளர் ஒரு சிவப்பு அட்டையில கைப்பட எழுதிக் கதவுல மாட்டணும். மாட்டிட்டா ஒரு பொட்டி நகராது. எழுதினவங்களைத் தவிர வேற யாரும் அதைக் கழட்டக் கூடாது, முதலாளியே வந்தாலும் சரி. அந்தக் கிடங்குல இருந்த ஒரே உருப்படியான சட்டம் அதுதான்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு காலையில அவ போய்ப் பார்த்தா, அறை பதினேழு டிகிரியில நிக்குது. ராத்திரி மெஷின் படுத்துடுச்சு, யாரும் கவனிக்கலை. வெளியில லாரிங்க வரிசையா நிக்குது. அப்ப மேனேஜரா இருந்தவர் ஓடி வந்து, சில மணி நேரம்தானே, ஒண்ணும் ஆகியிருக்காது, ஏத்தி விடுங்கன்னு குதிச்சிருக்கார். அக்கா ஏத்தலை. சிவப்பு அட்டையை எழுதி மாட்டினா. சாவியைக் கோட்டுப் பையில போட்டா. கதவுக்குக் குறுக்க ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டா. அவர் மதியம் வரைக்கும் கத்திட்டுப் போனார். பரிசோதனை முடிவு வந்தப்போ பாதிக்கு மேல கெட்டுப் போயிருந்தது. அதெல்லாம் கைக்குழந்தைங்களுக்குப் போட வேண்டிய ஊசி. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, தலை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுத்துட்டா. இதுக்கு ஒருத்தன் நன்றி சொல்லலை.

அடுத்த வருஷம் அந்த மேனேஜர் டைரக்டர் ஆனார். அக்காவுக்கு மேல மட்டும் மூணு தடவை, பட்டம் வாங்கின சின்னப் பசங்களைக் கொண்டு வந்து உட்கார வச்சாங்க. வேலை கத்துக் கொடுத்தது அவ, சார்னு கூப்பிட வேண்டியதும் அவ. அவளுக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். கிடங்குகள் எல்லாத்துக்கும் தலைமைப் பொறுப்பு. அந்த நாற்காலி. பட்டம் இல்லைன்னு அதை மட்டும் கண்ணுல காட்டாமலே வச்சிருந்தாங்க.

திடீர்னு ஒரு நாள் டைரக்டர் கூப்பிட்டு, அனுபவசாலிகளுக்குன்னு ஒரு வருஷ மேலாண்மைப் பட்டம் இருக்கு, வேலையை விட்டுட்டு முழு நேரமும் படிக்கணும், கம்பெனியே அனுப்பும், படிச்சுட்டு வாங்க, நாற்காலி உங்களுக்குத்தான்னார். இந்த மனுஷனுக்கு எப்படி இவ்வளவு பெரிய மனசு வந்துச்சுன்னு எனக்கு அப்பவே உறுத்துச்சு. அக்கா சந்தோஷத்துல அழுதுட்டா, அதனால நான் வாயை மூடிக்கிட்டேன்.

குழந்தைங்களைப் பார்த்துக்க நான் அவ வீட்டுக்கே குடி போனேன். வகுப்புல நாப்பது பேர். பேங்க்காரங்க, ஆஸ்பத்திரி நடத்துறவங்க, ஃபேக்டரி மேனேஜர்ங்க. எல்லாரும் நாப்பது வயசுக்கு மேல பை தூக்கிட்டு வந்தவங்கதான். ஒவ்வொருத்தர் முன்னாலயும் பேர் அட்டை. எங்கேயோ நிஜமா நடந்த ஒரு விஷயத்தைப் பேரை மாத்திக் கதையா எழுதிக் கொடுப்பாங்க. பேராசிரியர் வந்து விடை சொல்ல மாட்டார். ஒரு அட்டையைப் பார்த்துக் கையை நீட்டி, இவர் இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்கன்னு கேட்பார். வாயைத் திறக்கலைன்னா மார்க் கிடையாது. அக்கா முதல் மாசம் முழுக்க வாயே திறக்கலை. நான்தான் சாயங்காலம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேராசிரியரா மாறி அவளைக் கேள்வி கேட்டேன். அக்காவோட பெரிய பொண்ணு, அம்மா தப்புத் தப்பா பேசறான்னு மார்க்கைக் குறைப்பா. அப்படித்தான் அவ தேறினா.

கடைசி வகுப்புக்கு அங்க ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்துக்காரங்க பின் வரிசையில உட்காரலாம். அன்னைக்குப் பேசுற கதையோட நாயகர் நேர்லயே வருவார். முந்தின நாள் அந்தக் கதை வந்துச்சு. அக்கா சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து படிச்சா. திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனா. அப்புறம் என்கிட்ட நீட்டினா.

ஒரு மருந்துக் கம்பெனியாம். குளிர் அறை கெட்டுப் போச்சாம். துணிச்சலான மேனேஜர் ஒருத்தர் தனி ஆளா நின்னு லாரிங்களை நிறுத்தினாராம். 'பழைய நடைமுறையைத் தாண்டி யோசிக்கத் தெரியாத' பொறுப்பாளர் அம்மா, வழக்கம் போல ஏத்திடலாம்னு அடம் பிடிச்சாங்களாம். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. கடைசிப் பக்கத்துல அந்தச் சிவப்பு அட்டையோட படத்தையே போட்டிருந்தாங்க, அந்த மனுஷன் எழுதினதுன்னு. முதல் வரி மட்டும் தெரிஞ்சுது. அதுக்குக் கீழே கருப்பு மை. ரகசியம் காக்கப் பேரை மறைச்சிருக்காங்களாம். மறைச்ச புத்திசாலிங்க கையெழுத்தை மறந்துட்டாங்க. ஏழுக்கு நடுவுல ஒரு குறுக்குக் கோடு, மணியைச் சுத்தி ஒரு வட்டம். ஸ்கூல்ல இருந்து எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்பேன் அந்த ஏழாம் நம்பரை.

சாயங்காலம் டைரக்டர் போன் பண்ணினார். அக்கா துணி மடிச்சுக்கிட்டிருந்ததால ஸ்பீக்கர்ல போட்டா.

"நாளைக்கு நான்தான் வரேன். கதைன்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பெரிசா எடுத்துக்காதீங்க. உங்க புரமோஷன் ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

அக்கா சரிங்க சார்னு வச்சுட்டா. அந்தப் பெரிய மனசு எதுக்குன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது, நாற்காலி அவ வாயை மூடறதுக்குக் கூலி. மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், ஒரு வருஷப் பாடு, ஒரு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கோன்னார். நான் மாமாவை என்னென்னவோ சொன்னேன், அதெல்லாம் இங்க எழுத முடியாது. அக்கா மடிக்கிறதை நிறுத்தலை. சட்டைங்களை ஒரே அளவா அடுக்கி வச்சா.

மறுநாள் டைரக்டர் முன்னால நாற்காலி போட்டு, கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வகுப்பே அவரைத் தூக்கி வச்சுக் கொண்டாடுது. ஒரு பேங்க்காரர், அந்தப் பொறுப்பாளர் மாதிரி ஆளுங்களைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்னார். எல்லாரும் சிரிச்சாங்க. டைரக்டரும் சிரிச்சார். நான் எழுந்திருக்கப் போனேன், மாமா என் கையைப் பிடிச்சு உட்கார வச்சார்.

பேராசிரியர் பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. வேற யாரோ எழுதின கதையை நடத்த வந்தவர். அக்கா அதே கம்பெனிங்கிறது மட்டும் தெரியும். அவ பேர் அட்டையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நீங்க அங்கேயிருந்து வந்தவங்கதானே. இந்தச் சிவப்பு அட்டையை எப்படி எழுதுவாங்கன்னு பலகையில காட்டுங்களேன்."

அக்கா எழுந்து போனா. சிவப்புப் பேனாவாப் பார்த்து எடுத்தா. முதல் வரியை எழுதினா. 'வெப்பநிலை 17. காலை 7.40. அனுப்பக் கூடாது.' ஏழுக்கு நடுவுல கோடு போட்டா, மணியைச் சுத்தி வட்டம் போட்டா. முன் வரிசையில யாரோ கடைசிப் பக்கத்தைத் திருப்பினாங்க. அப்புறம் அடுத்தவங்க. கொஞ்ச நேரத்துல வகுப்பு முழுக்க பேப்பர் திரும்புற சத்தம். பேங்க்காரர் பலகையையும் பேப்பரையும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

அதோட நிறுத்தியிருந்தா நாற்காலி பிழைச்சிருக்கும். பேனாவை மூடிட்டு வந்து உட்கார்ந்துடலாம். மாமா என் கையை இன்னும் விடலை. அக்கா பேனாவை மூடலை. கருப்பு மைக்கு அடியில இருந்ததை எழுதினா.

'ஏத்தச் சொன்னவர் மேனேஜர். மறுத்தவர் பொறுப்பாளர்.'

கீழே தன் கையெழுத்தைப் போட்டா.

டைரக்டர் எழுந்தார். இது எங்க கம்பெனி உள் விஷயம், ஆபீஸ்ல பேசிக்கலாம்னு பேராசிரியரைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, நேராப் பலகைகிட்டப் போய் டஸ்டரைக் கையில எடுத்தார். அக்கா நகரலை. குரலையும் உயர்த்தலை.

"அதை வச்சிடுங்க சார். அட்டையை எழுதினவங்கதான் கழட்டணும். நான் இன்னும் கழட்டலை."

அவர் டஸ்டரைக் கீழே வச்சார்.