அம்பாசிடருக்குப் பின்னால் போன ஹெரால்டு

தொண்ணூறுகளில் ஆரணியில் பட்டு வியாபாரத்தில் கொஞ்சம் நிமிர்ந்தவர்கள் அம்பாசிடர் வாங்கினார்கள். நான் வேலூருக்குப் போய் ஒரு பழைய ஹெரால்டு கார் வாங்கினேன். இரண்டுமே இங்கிலாந்தில் குடும்பத்தோடு போய்வரச் செய்த வண்டிகளின் வழி வந்தவை. அம்பாசிடரில் முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளம்; டிரைவரோடு மூன்று பேர் உட்காரலாம். பின்சீட்டு மெத்தையில் ஆளே புதைந்துபோவார். ஹெரால்டில் நாலு பேர் ஏறினாலே முழங்கால் இடிக்கும். ஆனால் சின்ன சந்திலும் ஒரே மூச்சில் திரும்பிவிடும். பானெட்டோடு மூக்கு முழுவதையும் முன்னால் கவிழ்த்து, டயர் மேல் உட்கார்ந்தே என்ஜினைப் பார்க்கலாம். மனிதர்களிடம் பேச வராத எனக்கு அது போதுமாக இருந்தது.

போளூருக்கு எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று தாய்மாமன் வாடகை அம்பாசிடர் பேசியிருந்தார். என் ஹெரால்டைக் காட்டிக் கேட்டார்:

"மாப்ள போற வண்டியாடா இது? சோப்பு டப்பா மாதிரி கீது!"

அம்மா, மாமா, அத்தை, அக்கா, அக்கா கணவர் எல்லாரும் அம்பாசிடரில் ஏறினார்கள். எனக்கும் இடம் இருந்தது. பூ, பழமெல்லாம் என் வண்டியில் கொண்டுவருகிறேன் என்றேன். அந்தப் பெண் என் வண்டியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொல்லவில்லை.

வழியில் என்ஜின் சூடாகி, தண்ணீர் ஊற்றி, பின்தங்கிவிட்டேன். மாப்பிள்ளை பின்னால் வருகிறார் என்று கேட்டு, பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து காத்திருந்தார். வண்டி நின்றதும் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். அங்கே பழக்கூடை இருந்தது. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை தானே வண்டி ஓட்டி வருவார் என்று அவர் எப்படி நினைப்பார்?

"மாப்பிள்ளை வேற வண்டில வராராப்பா?"

நான்தான் என்று சொல்வதற்குள் தலை எப்படியோ ஆடியது.

"அப்ப மரத்தாண்ட போட்டுக்கப்பா. அவுரு வண்டி நிக்கணும்."

போட்டேன். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். அம்பாசிடர் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சொல்ல வேண்டியதுதானபா?"

பெண்ணின் அப்பா இன்னும் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இனிமேல் போய் எப்படிச் சொல்வது?

அக்கா வெளியே வந்தாள். "டேய், இங்க இன்னாடா பண்ற? உள்ள எல்லாரும் தேடிகினு கீறாங்க!"

அதைக் கேட்டதும் பெண்ணின் அப்பா முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்தபடி உள்ளே போனேன். விஷயம் தெரிந்ததும் மாமா எகிறினார்.

"எங்க பையன மரத்தடில நிக்க வெச்சி டீ குடுத்தீங்களா? எழுந்திருங்க எல்லாரும், போலாம்!"

"தெரியாம ஆயிப்போச்சிங்க," என்று பெண்ணின் அப்பா கையைக் கூப்பினார். என் அப்பா வயதுக்காரர். மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பேசாவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும்.

"அவர் மேல தப்பு இல்ல மாமா," என்றேன். அதோடு நிறுத்தத் தெரியவில்லை. "அம்பாசிடர் திரும்ப நெறய எடம் வேணும். ஹெரால்டு சின்ன எடத்துலயே திரும்பிடும். அதான் நவுத்தி போட்டேன்."

மாமா செருப்பைத் தேடுவதை நிறுத்தினார். பிறகு சமையலறைக்குள் ஒரு பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல வண்டிக்கு வக்காலத்து வாங்குறான் பாரு," என்றார் அக்கா கணவர். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார்.

காபித் தட்டு என் முன்னால் வந்தது. டம்ளரை எடுத்த என் விரல்களில் என்ஜின் கருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நிமிரவில்லை.

கிளம்பும்போது அம்மா, "நான் இவன்கூடயே வரேன்," என்றாள். எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று வண்டியைத் திருப்பி ஓட்டினேன். கடைத்தெரு தாண்டித்தான் பக்கத்து சீட்டு காலியாக இருப்பது தெரிந்தது.

திரும்பிப் போனேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண் வாயைப் பொத்தாமலே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். காது இரண்டும் எரிந்தன. கதவைத் திறந்துவிடக்கூட இறங்கவில்லை. அம்மாவை அவள்தான் ஏற்றிவிட்டாள்.