மதுரவல்லிக்காக அழுதவன்

அந்தப் பெயர் யோகேஸ்வரியின் காதில் முதலில் விழுந்தது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றபோதுதான். உள்ளே அவள் கணவன் ஜெகதீஸ்வரன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே யாரிடமோ பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தான்.

"மதுரவல்லி, என் உடலில் உயிர் இருக்கும்வரை உன் நிழலைக்கூட ஒருவனும் தொட முடியாது."

அவள் கையிலிருந்த துணி வாளி நழுவியது. இந்த மனுஷனா பேசுகிறான்? "சோறு வை", "மழை வருது", "டயர் போச்சு" என்பதற்கு மேல் வீட்டில் வாய் திறக்காதவன் அவன். எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிறான். மலைச்சரிவில் பறித்த தேயிலையைத் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. அதே தொழிற்சாலையில் தேயிலையைப் பொட்டலம் கட்டுபவள் அவள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவளை இப்படிப் பெயர் சொல்லி அவன் உருகியதில்லை.

அன்றிலிருந்து அவள் கண்கள் அவனையே சுற்றின. சோறு தின்னும்போதுகூட முதுகை நிமிர்த்தி ராஜா மாதிரி உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் பவுடர் பூசிக்கொண்டு தானா ராத்தா டவுனுக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினான். ஒருநாள் அவன் பையைத் திறந்தவளுக்கு நெஞ்சு எரிந்தது. உள்ளே சரிகை ஓரம் போட்ட சிவப்புச் சால்வை. முகர்ந்து பார்த்தாள். யாரோ தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை.

அவளுக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தராதவன்!

பக்கத்து வீட்டுப் பவளம் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "என்னடி யோகி, உன் வீட்டுக்காரரு வாராவாரம் மாப்பிள்ளை மாதிரி கிளம்புறாரு? திருச்செல்வத்தோட மோட்டார் பட்டறைக்குப் பின்னாலதான் அவரு வண்டி நிக்குது. முன்கதவு சாத்தியே இருக்குதாம் லா."

"இருக்கட்டும்க்கா. இந்த வாரம் நானே திறந்து பாக்குறேன்."

அடுத்த ஞாயிறு, அவன் போன பின்னால் அவளும் பஸ் ஏறினாள். அந்தச் சிறுக்கியின் முடியை எப்படிப் பிடிப்பது, முதலில் என்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். பட்டறையின் பின்கதவைத் தள்ளியபோது கையிலிருந்த குடையை ஓங்கியே வைத்திருந்தாள்.

உள்ளே பெண் வாசனையே இல்லை. ஒரு மேசை. அதன்மேல் பழைய காலண்டரின் பின்பக்கம் வரைந்த கோட்டைப் படம், பல முகங்களுள்ள வண்ணப் பகடைகள். மேசையின் தலைப்பக்கம் கைப்பேசிக் கடை மகேன் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடத்தில் அந்தக் கதைக்குள் பேசினார்கள். ஜெகதீஸ்வரன் படைத்தளபதி வீரசேனன். கதையில் அவன் மனைவி மதுரவல்லி யார் தெரியுமா? பட்டறைக்காரர் திருச்செல்வம்! அந்த முறுக்கு மீசைக்குக் கீழே, கிரீஸ் அப்பிய கைகளுக்கு மேலே, அந்தச் சிவப்புச் சால்வை.

யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மகேன் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே கெட்ட எண்.

"தளபதி," என்றான் தணிந்த குரலில். "தாதி வெளியே வருகிறாள். பெண் குழந்தை. பிழைக்கவில்லை."

ஜெகதீஸ்வரன் எழுந்தான். திருச்செல்வத்தின் முன்னால் மண்டியிட்டான்.

"வல்லி, அவள் முகத்தை நான் பார்த்தேன். உன் மூக்குதான். அந்த மூக்கை மண்ணால் மூட எனக்குக் கை எப்படி வரும்?"

அவன் அழுதான். நடிப்பல்ல, தோள் குலுங்கிய அழுகை. திருச்செல்வத்தின் மீசையிலும் கண்ணீர் சொட்டியது.

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. குடை தானாகத் தாழ்ந்தது. அவளும் ஒரு பெண் குழந்தையைப் பெற்றவள்தான். பிறக்கும்போதே மூச்சில்லாத குழந்தை. அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் எஸ்டேட் இடுகாட்டில் புதைத்தவன் இவன்தான். அன்று மத்தியானமே லோரி எடுக்கப் போனான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என் பிள்ளைக்கு வராத கண்ணீர், இந்த இல்லாத சிறுக்கியின் பிள்ளைக்கு வருகிறதா? நிஜப் பொம்பளையாக இருந்தால் முடியைப் பிடித்து இழுத்திருப்பாள். காற்றில் இருப்பவளை எப்படி அடிப்பது?

"நல்லா இருக்குங்க!" என்றாள் உரக்க.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். திருச்செல்வம் அவசரமாகச் சால்வையை உருவினார்.

"ஐயோ தங்கச்சி! தப்பா எடுத்துக்காதம்மா. சும்மா விளையாட்டு லா. இது தோள்ல இருந்தா நான் வல்லி, எல்லாரும் கதைக்குள்ள இருக்கணும். எடுத்துட்டா வேஷம் கலைஞ்சிரும். அதான் இந்த மேசைச் சட்டம்."

"சால்வை ஏது?"

"ஜெகாதான் வல்லிக்கு வாங்கிக் குடுத்தான். இங்க கிரீஸ் பட்டுரும்னு அவனே வீட்டுக்குக் கொண்டுபோயிடுவான்."

சட்டம் சரியாகத்தான் வேலை செய்தது. ஜெகதீஸ்வரனின் முதுகு கூனிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ்லயா வந்தே? மழை வருது. போலாம்," என்றான்.

மழை வருது! அந்த ஒரு சொல்லில் அவளுக்குள் என்னவோ அறுந்தது. சால்வையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப நான்தான் மதுரவல்லி. கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. பிள்ளையைப் பொதைச்ச கையோட எங்க போனீங்க?"

அவன் மகேனைப் பார்த்தான். மகேன் மெல்லத் தலையசைத்தான். "சால்வை தோள்ல இருக்கு. ஆட்டம் நடக்குது."

கூனிய முதுகு நிமிர்ந்தது. வீரசேனனின் குரல் வந்தது.

"வல்லி, கடமைக்குப் போகிறேன் என்றுதான் உன்னிடம் சொன்னேன். போகவில்லை. குதிரையை மலை வளைவில் நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் அவளைப் புதைத்த இடம் தெரியும். வீடு திரும்ப எனக்குத் தைரியமில்லை. பால் கட்டி நீ துடித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பாலைக் குடிக்க வேண்டியவளை நான் மண்ணில் விட்டு வந்திருந்தேன்."

அந்த வளைவு அவளுக்குத் தெரியும். அந்தக் குதிரை எது என்றும் தெரியும். அப்படியும் நெஞ்சுக்குள் பொறாமை தீயாகக் கிளம்பியது. இதையும் அவளிடம்தானே சொல்கிறான்! கேட்பது நான், கிடைப்பது வல்லிக்கா?

சால்வையை உருவி மேசைமேல் போட்டாள்.

குரல் நின்றது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். அவள் கண் கொட்டாமல் காத்திருந்தாள். இப்போதும் அவன் மழையைப் பற்றிப் பேசினால், அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று முடிவே செய்துவிட்டாள்.

"யோகி," என்றான் கடைசியில், உடைந்த குரலில். "அன்னிக்கு நான் லோரிய விட்டு எறங்கவே இல்ல. பின்னால மூட்டையில கொழுந்து சூடேறிக் கருத்துப் போச்சு. மேனேஜர் கன்னாபின்னான்னு திட்டுனாரு. அதுவும் ஒனக்குச் சொல்லல. நம்ம பாப்பாவுக்கு ஒன் மூக்குதான் யோகி."

அவன் அழுதான். இந்த முறை யாரும் வேடத்தில் இல்லை. அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அவளும் கதறினாள்.

கிளம்பும்போது திருச்செல்வம் சால்வையை மடித்து நீட்டினார். "நீயே வச்சுக்க தங்கச்சி."

"வேணாண்ணே. அது அவளோடது." கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "எனக்கு வேற வாங்கித் தரட்டும். இதைவிட நல்லதா."