இடாப்பில் இல்லாதவர்கள்

கொலிஜில் எனக்குத் தந்த சம்பளம் தையல் வகுப்பில் நிற்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும். வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் பகுதியிலிருந்த வீட்டிலிருந்து துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறிப் போவதும், முதல்நாள் குசினி மேசையில் பிளவுஸ் அளவுகளைக் காகிதத்தில் கீறி வெட்டுவதும் என்னுடைய சொந்தச் செலவு. ஈஸ்டர், நத்தார், கோடை விடுமுறைகளுக்கு ஒன்றும் இல்லை. மாதமுடிவில் வேலை செய்த மணித்தியாலங்களை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த மாதம்தான். அந்தப் பயத்தில் நான் ஒரு கிழமை முன்னரே கொடுத்துவிட்டு, தொலைந்திருக்குமோ என்று அந்தக் கிழமை முழுக்க யோசிப்பேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எண்பதுகளில் உள்ளூர் கவுன்சில் இந்த வகுப்பை நடத்தியபோது ஒருவரும் சேர்ட்டிபிக்கட் கேட்கவில்லை. நான் தைத்த இரண்டு பிளவுஸைக் காட்டினேன், வேலை தந்தார்கள். தொண்ணூறுகளில் கொலிஜ் அதைப் பொறுப்பெடுத்த பிறகு, ஒவ்வொரு கிழமையும் என்ன படிப்பிக்கப்போகிறேன், ஏன் படிப்பிக்கிறேன், அவர்கள் படித்துவிட்டார்கள் என்று எப்படி அறிவேன் என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். பிளவுஸில் கை பொருத்தின இடத்தில் துணி சுருங்காமல் இருந்தால் படித்துவிட்டாள். இதை எப்படி ஒரு பக்கத்துக்கு எழுதுவது? மகளின் அகராதியை வைத்துக்கொண்டு எழுதி முடிக்கிற நேரத்தில் இன்னும் இரண்டு வகுப்பு எடுத்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய கவலை இடாப்பு, வகுப்பின் பெயர்ப் பதிவேடு. பன்னிரண்டு பெயர் இருந்தால்தான் வகுப்பு தொடரும். என் இடாப்பில் ஒன்பது பெயர். வகுப்பில் இருந்தவர்களோ பதினேழு பேர்.

எங்கள் தமிழ் ஆட்களில் ஒருத்தியும் தனியாக வரமாட்டாள்.

"ரீச்சர், இவ என்ர மச்சாள். வந்து ரெண்டு மாசம். வீட்டில தனிய இருந்து அழுகிறா. சும்மா ஒரு பக்கமா இருக்கட்டும்."

சும்மா இருக்க வந்தவள் அடுத்த கிழமை துணியோடு வருவாள். அதற்கு அடுத்த கிழமை அவளே இன்னொருத்தியைக் கூட்டிவருவாள். பதியச் சொன்னால் முகம் செத்துவிடும். அகதிக் கேஸ் முடியாதவர்கள். பெயரும் விலாசமும் எழுதின தாள் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போய்ச் சேருமோ என்ற பயம்.

"கொலிஜுக்கும் உம்மட கேசுக்கும் சம்பந்தமில்லை, பிள்ளை."

"வடிவாத் தெரியுமோ ரீச்சர்?"

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. "சரி, இரும்" என்றேன்.

ஏழு மெஷினுக்குப் பதினேழு பேர். இரண்டு மணித்தியாலமும் ஒரு கதிரையில் நான் குந்தியதில்லை. மணி பன்னிரண்டானதும் அறையைப் பூட்ட வேண்டும் என்பதால், நடைபாதையில் நின்று மிச்சப் பேரின் தையலைப் பிரித்துக் காட்டுவேன். அதே கொலிஜில் என்னைப்போல மணித்தியாலச் சம்பளத்தில் கணிதம் படிப்பித்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் அந்த வழியாகப் போவார்.

"என்ன தங்கச்சி, கோயில் திருவிழாவோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்?"

"கண்டால் நல்லது. எனக்கு இடாப்பில இருபது, வாறது அஞ்சு. உமக்கு மற்றப்பக்கம். ரெண்டு பேரையும் கூட்டினா ஒரு முழு வாத்தி வரும்."

பெப்ரவரியில் கடிதம் வந்தது. ஆட்கள் குறைவு என்பதால் அடுத்த வியாழன் துறைத் தலைவி வகுப்பைப் பார்க்க வருகிறார். பெயரில்லாத எட்டுப் பேரைக் கண்டால் கள்ளமாகச் சேர்த்தேன் என்பாரா? பதியாத ஒருத்தியின் விரலில் ஊசி ஏறியிருந்தால் யார் பொறுப்பு என்று கேட்பாரா? என்னால் அந்தப் பெண்களின் கேசுக்கு ஏதாவது வந்துவிடுமா? கடைசியில் எட்டுப் பேருக்கும் டெலிபோன் எடுத்து, இந்த வியாழன் வரவேண்டாம் என்றேன்.

"நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ ரீச்சர்?"

"இல்லை. ஒரு கிழமைதான்."

அன்றைக்குப் பார்த்துப் பதிந்த ஒன்பது பேரிலும் இருவர் இல்லை. ஒருத்தியின் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை. மற்றவளுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. ஏழு மெஷினில் ஏழு பேர். வகுப்பு அவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

துறைத் தலைவி வயதான வெள்ளைக்காரி, கெட்ட மனுசி இல்லை. ஒவ்வொருவரின் தையலையும் குனிந்து பார்த்தார். தாளில் ஏழு என்று எழுதினார். பிறகு என்னை யன்னலடிக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்த அறை எப்போதும் நிரம்பி வழிகிறது என்றல்லவா சொன்னார்கள்?"

"இன்றைக்குக் கொஞ்சம் குறைவு."

"சேர விரும்புகிற வேறு யாராவது இருக்கிறார்களா? மூன்று பெயர் தந்தால் கோடை வரைக்கும் நான் எப்படியாவது காப்பாற்றுவேன்."

எட்டுப் பெயர் என் வாய்க்குள் இருந்தது. ஒருவரும் இல்லை என்றேன்.

ஈஸ்டரோடு வகுப்பு முடியும் என்று கடிதம் வந்தபோது கணித அண்ணையிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"பதியிறதுக்குப் பெயரும் விலாசமும்தான் கேக்கிறவை, தங்கச்சி. விசா கேக்கிறதில்லை. அந்தத் தாள் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியில போறதுமில்லை. கொலிஜ் கந்தோரில ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பினமே."

கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று சந்தேகப்படுவார்கள் என்றுதான் நான் கேட்கவில்லை. பதினேழு பேருக்குப் படிப்பித்தவளை ஏழு பேர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிய கொலிஜின் மீது எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் அந்த ஏழு என்ற கணக்கை எண்ணிக் கொடுத்தவள் நான்.

கடைசிக்கு முந்தின வியாழன் எல்லோரும் வந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மச்சாளோடு முதன்முதல் வந்த அந்தப் பெண் துணியை மடித்தபடி கேட்டாள்.

"எங்களாலயோ ரீச்சர் மூடினவை?"

நான் வாய் திறக்க முன்னர், முழுக் காசும் கட்டிப் பதிந்த ஒருத்தி மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "ஓம். பின்னை ஆரால?"

இல்லை, என்னால் என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எப்படி என்று கேட்பார்கள், துறைத் தலைவி மூன்று பெயர் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். நான் குனிந்து நிலத்தில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினேன். அடுத்த வியாழன், சம்பளம் தந்த என் கடைசி இரண்டு மணித்தியாலத்துக்கு, இடாப்பில் இருந்த ஒன்பது பேர்தான் வந்தார்கள்.