வாசலில் ஒரு கறுத்த கொலுசு

போன வாரம் எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தார். தபாலாபீஸில் வேலை. கும்பகோணத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு மாற்றல். சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார்... இங்கே எப்பவுமே இப்படித்தானா?"

"எப்படி?" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்!

"நாத்தம் சார். அழுகின முட்டை மாதிரி."

இழுத்து இழுத்து மோந்து பார்த்தேன். ஊஹூம். நாகல் நகரில் இத்தனை வருஷம் குடியிருந்த மூக்கு எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது. இந்தத் தெருவில் எல்லோரும் சொல்லும் பதிலையே நானும் சொன்னேன். "ஒரு மாசத்துல பழகிடும்."

அவருக்குத் திருப்தியாகவில்லை. எதிர் வீட்டைப் பார்த்தார். "அது என்ன சார், வாசல் நிலை ஆணியில கறுப்பா தொங்குது? கொலுசா? திருஷ்டிக்கா?"

திருஷ்டிக்குப் படிகாரம் கட்டுவார்கள், எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். கொலுசு கட்டி யாராவது பார்த்ததுண்டா? "அது பெரிய கதை" என்று அவரிடமிருந்து நழுவிவிட்டேன். உங்களிடம் நழுவ முடியுமா? வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்பியாக வேண்டுமே!

எதிர் வீடு ராசம்மாளுடையது. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து, ஒற்றைப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். அந்தப் பிள்ளை முத்தையா, பக்கத்துத் தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, பதம் செய்யும் இடத்தைத்தான் எங்கள் ஊரில் தோல் ஷாப்பு என்போம். அதன் கழிவுத் தண்ணீர் எங்கள் தெருவின் பின்னாலிருக்கும் ஓடையில் வந்து தேங்கும்.

சுமார் பத்து வருஷத்துக்கு முன்னால், ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில், முத்தையாவுக்குக் கல்யாணம். பெண் நிலக்கோட்டைப் பக்கம். செல்லம் என்று பெயர். அப்பா மல்லிகைத் தோட்டக்காரர். ஒரே மகளுக்குக் கனமாக ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு போட்டு அனுப்பினார். எங்கள் தெருவில் அப்படிக் கொலுசோடு வந்த முதல் மருமகள் அவள்தான். அவள் தண்ணீர்க் குடத்தோடு நடந்து வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மார்கழி பிறந்தது. கொலுசு கறுத்தது.

முதலில் மஞ்சளாக ஓடி, அப்புறம் நீலம் பாரித்து, பிறகு அடுப்புக் கரி மாதிரி ஆகிவிட்டது. ஆசாரியிடம் கொடுத்து மெருகு போட்டார்கள். தை முடிவதற்குள் மறுபடியும் கறுப்பு. வெள்ளி அசல்தான் என்று ஆசாரி சத்தியம் செய்தார். அப்படியென்றால் கோளாறு எங்கே?

உங்களுக்கே தெரியும். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் யாரும் வெள்ளியைக் குற்றம் சொல்வதில்லை. போட்டிருக்கிற உடம்பைத்தான் சொல்வார்கள். உடம்பில் சூடு, ரத்தத்தில் ஏதோ கெடுதல், உள்ளே ஒளிந்திருக்கும் வியாதி... அதிலும் புதிதாக வந்த மருமகள் என்றால் கேட்கவே வேண்டாம். பால் திரிந்தால்கூட அவள் வந்த நேரம்தான்!

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தை. நல்லாத்தான் இருக்கேன்" என்று செல்லம் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? கஷாயம் வந்தது. பத்தியம் வந்தது. குழாயடியில் பெண்கள் அவள் குடத்துக்கு அப்பால் தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். இதை நானே பார்த்தேன்.

பங்குனியில் ராசம்மாள் முடிவு செய்துவிட்டார். "அப்பன் வீட்டுல போய் ஒடம்பைத் தேத்திக்கிட்டு வா. கொலுசைக் கழட்டி வச்சுட்டுப் போ. உன் காலுல இல்லாதப்பவும் கறுக்குதான்னு பாப்போம்."

பளபளவென்று மெருகு போட்டு, சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் கொலுசை மாட்டினார். யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. ஒரு வகையில் பார்த்தால், விஞ்ஞானிகள் செய்கிற பரிசோதனைதான். முத்தையா? அவன் காலையிலேயே தோல் ஷாப்புக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. கொலுசு வெள்ளையாகவே தொங்கியது. லேசாக மஞ்சள் ஓடியதோ என்னவோ, யார் உற்றுப் பார்த்தார்கள்?

ஆடி கடைசியில் செல்லத்தின் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். திண்டுக்கல் ஆடிக் காற்று தெரியுமல்லவா? மேற்கே மலை இடுக்கு வழியாகப் புகுந்து ஆளைத் தள்ளும். அந்தக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். செல்லம் பின்னால் நின்றாள், கையில் பூக்கூடையோடு.

"ஆவணி பொறக்கப் போகுது தாயி. புள்ளைய விட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

ராசம்மாள் உள்ளே போய்க் கொலுசை எடுத்து வந்து நீட்டினார். "பாத்துக்கங்க. அவ காலுல கெடந்தப்ப கரி. அவ இல்லாம அஞ்சு மாசமா அம்புட்டு வெள்ளை. இனி நான் என்னத்தச் சொல்ல?"

அவர் கொலுசை வாங்கவில்லை. "வெள்ளியப் பாத்துட்டீங்க. என் புள்ளை மொகத்த ஒரு தடவை பாருங்க தாயி."

ராசம்மாள் பார்க்கவில்லை. கொலுசைக் கொண்டு போய் மறுபடி ஆணியிலேயே மாட்டினார். அப்பாவும் மகளும் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்கள். பூக்கூடை வாசற்படியிலேயே கிடந்தது.

கார்த்திகையில் செய்தி வந்தது. தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த செல்லத்தின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. முத்தையா மட்டும் போய்விட்டு வந்தான்.

அடுத்த மார்கழி. ஒரு வெள்ளிக்கிழமை காலை ராசம்மாள் என் வீட்டுக்குள் வந்தார். முந்தானையை விரித்துக் காட்டினார். உள்ளே கொலுசு. ஒன்பது மாசமாக யார் காலிலும் ஏறாத கொலுசு. ஆடிக்கு அப்புறம் யார் கையும் படாத கொலுசு. கன்னங்கரேல் என்று கிடந்தது.

"இது யாரு ஒடம்புச் சூடு தம்பி?" என்றார்.

எனக்கு எங்கே தெரியும்? கல்லூரியில் ரசாயனம் நடத்தும் நண்பரிடம் கொண்டு போனேன். அவர் கொலுசைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுப் பின்னால என்ன இருக்கு?" என்றுதான் கேட்டார்.

ஓடை இருக்கிறது. தோல் கழுவிய தண்ணீர் அதில் தேங்கி அழுகும்போது கந்தகம் கலந்த ஒரு வாயு கிளம்புமாம். அழுகின முட்டை நாற்றம் அதனுடையதுதான். வெள்ளியைக் கண்டால் அது விடாது. ஒட்டிக்கொண்டு கறுப்பாக்கிவிடும்.

"அப்போ ஆடியில ஏன் கறுக்கலை?"

"காத்து இருந்ததே சார்!" என்று சிரித்தார் நண்பர். வெயில் காலத்தில் தரை சுடும். சுட்ட காற்று மேலே ஏறும்போது வாயுவையும் தூக்கிக்கொண்டு போகும். ஆடியில் கேட்கவே வேண்டாம், அடித்துக்கொண்டு போய்விடும். மார்கழியில் கதை வேறு. சாயங்காலமே தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அசையாமல் படுத்துவிடும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி. கிளம்பிய வாயு மேலேயும் போகாது, பக்கத்திலும் போகாது. தெருவிலேயே சுற்றிச் சுற்றி வீட்டுக்குள் நுழையும்.

இம்புட்டுத்தான் விஷயம். செல்லத்தின் அப்பா ஆடியில் வராமல் மார்கழி வரை இருந்து வந்திருந்தால்... என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன்!

இன்னொன்றும் நண்பர் சொன்னார். காற்றோடு போனது காற்றோடு போய்விடாதாம். போகிற வழியில் வேறொரு வாயுவாக மாறும். பனியிலும் மழையிலும் கலந்து அமிலமாகவும் இறங்கும். ஆடியில் எங்களை விட்டுக் கிழக்கே போனது எந்த ஊரில் இறங்கியதோ, அங்கே எந்த மருமகள் பேச்சு வாங்கினாளோ!

சரி, எங்கள் தெருவில் வேறு வெள்ளியே இல்லையா? இருந்தது. பெண்கள் மெட்டி தரையில் தேய்ந்து தேய்ந்து தானாகவே பளபளக்கும். ராசம்மாள் வீட்டு வெள்ளி விளக்கை வாராவாரம் விபூதி போட்டுத் துலக்குவார். துணியில் கறுப்பு வரும். விளக்கின் எண்ணெய் அழுக்கு என்று நினைத்துக்கொள்வார். சாட்சி வாரம் தவறாமல் வந்து நின்றிருக்கிறது. துடைத்துத் துடைத்து அனுப்பியிருக்கிறோம்.

தை பிறந்ததும் ராசம்மாள் தாமே நிலக்கோட்டைக்குப் போனார். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்து செஞ்சதுக்கு உன் காலப் பழிச்சுட்டேன் ஆத்தா" என்று அழுதாராம்.

செல்லம் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "அப்பா இருக்கும்போதே வந்திருக்கக் கூடாதா அத்தை?"

திரும்பி வந்தாள். இன்றைக்கு இரண்டு குழந்தைகள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று நான் கேட்டதில்லை. ஆனால் செல்லம் அப்புறம் கொலுசு போடவே இல்லை. பெண் குழந்தைக்கும் போடவில்லை. இப்போது அவள் தண்ணீர்க் குடத்தோடு வருவது யாருக்கும் கேட்பதில்லை.

தோல் ஷாப்பு? அங்கேயேதான் இருக்கிறது. ஓடையும் அங்கேயேதான். தெருவில் பாதி வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிகிறது, யார் போய் என்ன கேட்பது? ஒரு பெண்ணை ஊரைவிட்டு அனுப்ப ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஓடையை நகர்த்த எங்களில் யாருக்கும் இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் தபாலாபீஸ்காரர் நேரே ராசம்மாளிடமே கேட்டுவிட்டார். "ஏம்மா, வாசல்ல கொலுசு மாட்டியிருக்கீங்களே... திருஷ்டிக்கா? ஊர்க் கண்ணு படக்கூடாதுன்னா?"

ராசம்மாள் நிமிர்ந்து கொலுசைப் பார்த்தார்.

"கண்ணுக்குக் கட்டுனது இல்ல தம்பி. என் நாக்குக்குக் கட்டுனது."