கேசாவின் வலது கால்

மீன்காரர் யோக்கன் தராசில் ஹெர்ரிங் மீனைப் போடும்போதே கேசா லோரென்சன் அம்மாவின் வலது கால் தரையை அழுத்திவிடும். அந்தக் காலின் பூட்ஸுக்கு அடியில் ஒரு தோல்வார். வாரின் மறுமுனையில் ஃபீட்டே. பிறந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் கன்றுக்குட்டி அளவு வளர்ந்துவிட்ட லெயோன்பெர்கர் ஜாதி நாய். பிடரிமயிர் வந்துவிட்டது, புத்தி இன்னும் வரவில்லை. சந்தைக்கு வருகிற அத்தனை பேரும் தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது அதன் எண்ணம்.

ஹூசும் என்ற எங்கள் துறைமுக ஊரின் சந்தைத் திடலில், நான் வேலை பார்க்கும் ரொட்டிக்கடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் கேசா தினமும் காலையில் வந்து உட்காருவார். உட்கார்ந்து ஒன்றும் செய்யமாட்டார். அதுதான் பாடம். நாய் எழும், முனகும், புறாவைப் பார்த்துத் துள்ளும். இவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அலுத்துப்போய் அது தானாகப் படுத்ததும், கோட்டுப் பையிலிருந்து ஒரு சீஸ் துண்டு அதன் முன்னங்கால்களுக்கு நடுவே விழும். கையால் கொடுப்பதில்லை, கொடுத்தால் கையைத் தேடி எழுந்துவிடுமாம். மழை வந்தால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கேசா அம்மியை நகராமல் இருக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெறும்வரை அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஆசிரியர், எனக்கும். பயிற்சிக் காரில் ஆசிரியர் இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் காலைவிட்டுப் போகவில்லை. ஒரு குழந்தை ஓடி வந்தால் போதும், கால் மிதித்துவிடும். நாயிடமும் அதே பேச்சுத்தான்.

“அவசரம் ஒண்ணுமில்ல. முதல்ல பாரு. அப்புறம் மூச்சு விடு. நாம எங்கயும் போகல.”

இதே வார்த்தைகளை ரவுண்டானா முன்னால் நானும் வியர்த்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

நாய் அவர் கணவர் ஹின்ரிக் வாங்கி வந்தது. தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி, தன்மேல் பாயக் கற்றுக்கொடுத்தவரும் ஹின்ரிக்தான். கேசா வேண்டாம் என்றதற்கு, குட்டிதானே என்று சிரித்தாராம். போன இலையுதிர்காலத்தில் ஹின்ரிக்குக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. இப்போது துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். முதல் தடவை அங்கே போனபோது ஃபீட்டே காபி வண்டியைக் கவிழ்த்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த ஒரு வயதான அம்மாவைச் சுவரில் சாய்த்துவிட்டது. நாலு காலும் தரையில் நிற்கும் நாயானால் கூட்டி வாருங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் இல்லத் தலைவி. அதில் தப்பு சொல்ல முடியாது. பண்ணைக்காரர் யாருக்காவது நாயைக் கொடுத்துவிடச் சொன்னான் கேசாவின் மகன். கேசா முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“நான் உள்ள போனா அவரு என்னைப் பாக்கறதில்ல. என் பின்னாடி கதவைப் பாக்கறாரு” என்று ஒருநாள் கடையில் சொன்னார். பிறகு ரை தானிய ரொட்டியை மெல்லிசாக வெட்டச் சொன்னார்.

நாயைவிடப் பெரிய தொல்லை நல்ல மனிதர்கள். பரவாயில்லை, எங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது என்று கையை விரித்துக்கொண்டு வருவார்கள். ஃபீட்டேக்கு வேறென்ன வேண்டும்? யோக்கன் ஒரு வியாழக்கிழமை, கேசா பார்க்காத நேரமாக ஒரு மீன்வாலை எறிந்தார். நாய் கேசாவைப் பெஞ்சோடு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

“யோக்கன், நீ போட்ட ஒரு வாலு, எனக்கு ஒரு வாரம் போச்சு. ஹின்ரிக்குக்கும் ஒரு வாரம்.”

“எனக்கு பிரேக் போடவே வராதுன்னு கார் கத்துக்கும்போதே நீங்க சொன்னீங்களே” என்றார் யோக்கன், முகம் சிவந்து. அன்றிலிருந்து நாய் வந்தாலே முதுகைத் திருப்பிக்கொள்வார். அவரைப் பார்த்துக் காய்கறிக்காரி, பூக்காரர் என்று ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒரு சந்தையே முயற்சி எடுத்து ஒரு நாயைக் கண்டுகொள்ளாமல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை யோக்கனின் கையிலிருந்து ஒரு பெட்டி மீன் நழுவி, பெஞ்சுக்குப் பக்கத்திலேயே சிதறியது. ஃபீட்டே தலையைத் தூக்கியது, கேசாவைப் பார்த்தது, பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே வைத்தது. கேசா எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை இல்லத்துக்கு நான் ரொட்டி கொண்டுபோயிருந்ததால் மீதியைப் பார்க்கக் கிடைத்தது. காபி வண்டி, நடைவண்டிகள் எல்லாவற்றையும் தாண்டி ஃபீட்டே கேசாவின் முழங்காலை ஒட்டியே நடந்து வந்தது. ஹின்ரிக்கின் சக்கர நாற்காலி முன்னால் படுத்தது. ஹின்ரிக்கின் இடது கை மெல்ல எழுந்து நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டியது. நாய்க்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கேசாவைப் பார்த்தது, எழவில்லை. ஹின்ரிக் மறுபடியும் தட்டினார். இல்லத் தலைவி திருப்தியாகத் தலையசைத்தார்.

கேசா அவரிடம் கேட்டார்: “உங்க நாலு கால் விதி எதுவரைக்கும்?”

“வேலி வரைக்கும்” என்றார் தலைவி, விளங்காமல்.

கேசா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார், ஃபீட்டே ஒட்டியே வந்தது. வேலி தாண்டி நடைபாதையில் நிறுத்தினார். குனிந்து இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டார். பின்னால் போய் இடுப்பை நாற்காலியில் முட்டுக்கொடுத்து, வலது காலைச் சக்கரத்துக்குத் தடையாக ஊன்றிக்கொண்டார். ஹின்ரிக்கின் கை நெஞ்சுக்குப் போனது.

“ம், ஃபீட்டே. போ.”