இரண்டு பொட்டலமும் சிவப்பு

மஞ்சக்குட்டைக்கும் ஒண்டிக்கடைக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டும் சின்னராஜுக்கு அடுத்தவர் யோசனையில் அபார நம்பிக்கை. டயர் மாற்றுவதா, மிளகுக் கொடிக்கு மருந்தடிப்பதா, வலிக்கிற பல்லைப் பிடுங்குவதா, எதுவானாலும் வண்டியில் ஏறியவர்களிடம் கேட்டுவிடுவார். பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியில் பதினாறு பேர் ஏறுவதால் யோசனைக்குப் பஞ்சம் வந்ததில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியவர் என்ன சொன்னாரோ அதைச் செய்வார். மற்றவர்கள் சொன்னது அதற்குள் மறந்துபோயிருக்கும். இப்படித்தான் ஒரு நல்ல பல்லைப் பறிகொடுத்தார்.

அவருடைய ஒரே மகள் சசிகலா பிளஸ் டூவில் அந்தப் பக்கத்தில் யாரும் எடுக்காத மார்க் எடுத்தபோது ஜீப்பே ஒரு சபையாகிவிட்டது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி, இஞ்சினியரிங் ஒன்றுதான் படிப்பு, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்றார். அவர் மகன் பென்னி அதைப் படித்துவிட்டுப் பெங்களூரில் இருந்தான். அங்கே என்ன செய்கிறான் என்று பென்னியும் சொன்னதில்லை, ரைட்டரும் சொன்னதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் சமையல் பார்க்கும் சாந்தாமேரி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிற ஹாஸ்டல் எங்கே இருக்கிறதோ அதுதான் நல்ல காலேஜ் என்றார். பலாப்பழத்தோடு ஏறிய, யாருக்கும் தெரியாத ஓர் ஆள், கப்பல் படிப்புக்குத்தான் இப்போது மவுசு என்று சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்குக் கடைசியாக இறங்கியவர் அவர்தான். இரண்டு நாள் சின்னராஜ் கப்பல் நினைவாகவே வளைவுகளில் வண்டி ஓட்டினார்.

இத்தனை பேச்சு நடக்கும்போதும் சசிகலா அதே ஜீப்பில், முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆசை தாவரவியல், அதுவும் சேலத்தில் அரசுக் கல்லூரியில். மலையில் முளைக்கிற செடிக்கெல்லாம் ஊரில் ஒரு பேர், எஸ்டேட்டில் ஒரு பேர், புத்தகத்தில் ஒரு பேர் என்று இருப்பது சின்ன வயதிலிருந்தே அவளைக் குடைந்துகொண்டிருந்த சங்கதி. மிளகு அள்ளும்போது அம்மா காளியாயியிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் சொல் என்றாள் அம்மா. அப்பா கேட்கட்டும், சொல்கிறேன் என்று மகள் காத்திருந்தாள். கேட்க வேண்டியவர் பின் சீட்டில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில், யோசனைகள் அதிகமாகித் தலை சுற்றவே, காலேஜ்களை நேரில் பார்த்துவிடுவது என்று சின்னராஜ் ஜீப்பை மலையிறக்கினார். டிரைவர் பார்க்கிற விதமாகத்தான் பார்த்தார். ஒரு தனியார் இஞ்சினியரிங் காலேஜ் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. கோயில் கோபுரம்போல வளைவு, உள்ளே வழுவழுவென்று தார் ரோடு. வண்டியை ஒடித்தால் ஒரே திருப்பில் வட்டமடித்து வெளியே வந்துவிடலாம். வாட்ச்மேன் சல்யூட் வேறு அடித்தார். காளியாயி பார்த்துவரச் சொன்ன சேலம் அரசுக் கல்லூரி வாசலிலோ பஸ் ஸ்டாப், தள்ளுவண்டி, நாலு ஆட்டோ. முன்னும் பின்னுமாக நகர்த்தி, நாலு பேரிடம் திட்டு வாங்கி, வியர்த்துப்போய்த்தான் வண்டியைத் திருப்ப முடிந்தது. அத்தோடு அரசுக் கல்லூரியின் கதை முடிந்தது. இரண்டிலும் வகுப்பறை எந்தப் பக்கம் என்றுகூட அவர் பார்க்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளிலேயே காலம் தள்ளுகிற மனுஷனுக்கு வண்டி திரும்ப இடமிருக்கிற ஊர்தான் சொர்க்கம். அதைக் குறை சொல்லி என்ன செய்ய?

வாழ்க்கையில் முதன்முறையாகத் தானே ஒரு முடிவு எடுத்த பெருமையில் வீட்டுக்கு வந்து சொன்னார். காளியாயி மகள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டுச் செய்யுங்க" என்றாள் காளியாயி.

அவர்கள் வகையறாவில் பெரிய காரியம் எதுவும் பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலத்திலும் கட்டிக் குலசாமியின் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்த நிறம்தான் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே வீசிவிட வேண்டும். சிவப்பு வந்தால் இஞ்சினியரிங், வெள்ளை வந்தால் அரசுக் கல்லூரி என்று வீட்டில் பேசி முடித்தார்கள்.

பலாப்பழக்காரரையே கேட்டவர் சாமியைக் கேட்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஆனால் ஆயுளுக்கு ஒரே ஒரு முடிவு சொந்தமாக எடுத்திருக்க, அதைச் சாமி கெடுத்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம் அவரைப் பிடுங்கித் தின்றது. காலையில் வாசல் அரளியில் எல்லோரும் பார்க்க இரண்டு நிறத்திலும் பூப் பறித்தார். பிறகு ஜீப்பில் தனியாக உட்கார்ந்து இரண்டு வாழையிலைத் துண்டிலும் சிவப்புப் பூவையே வைத்துக் கட்டினார். வெள்ளைப் பூக்களைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். இது ஏமாற்று இல்லை, சாமியின் வேலையைக் கொஞ்சம் சுலபமாக்குவது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஒண்டிக்கடையில் வண்டியை நிறுத்தி, தேங்காயும் கற்பூரமும் வாங்க அவரும் காளியாயியும் இறங்கிப் போனார்கள். பொட்டலங்கள் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், முன் தட்டில் இருந்தன. சசிகலா வண்டியிலேயே இருந்தாள். பிறகு மூவரும் காப்பித் தோட்டத்துச் சரிவில் இருக்கும் குலசாமி கோயிலுக்குப் போனார்கள்.

பூசாரி சின்னசாமி பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்து, மணியடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். நாரை அவிழ்த்தார். உள்ளே வெள்ளை.

இரண்டுமே சிவப்புத்தானே என்று கேட்கச் சின்னராஜ் வாயெடுத்தார். கேட்டால் என்ன ஆகும் என்று தோன்றவும் அதை அப்படியே விழுங்கிவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கட்டியவனுக்குத் தெரியும், கட்டியதைப் பார்த்திருந்த சாமிக்கும் தெரியும். சிவப்பை வெள்ளையாக்கிக் காட்டிய சாமியிடம் இனி விளையாட முடியுமா? பூசாரி மற்ற பொட்டலத்தைக் காப்பிச் செடிகளுக்கு மேலாக வீசினார். புருஷனுக்கு இத்தனை பக்தியா என்று காளியாயி அதிசயப்பட்டாள்.

அன்று முதல் அரசுக் கல்லூரிக்குச் சின்னராஜைப் போல ஓர் ஆதரவாளர் மலையில் கிடையாது. ரைட்டர் ஜீப்பில் ஏறி, புள்ளையின் வாழ்க்கையைப் பாழாக்கிவிட்டீரே என்று ஆரம்பித்தால், "நீங்க சொல்றது யோசனைங்க. இது உத்தரவு" என்று கியரை மாற்றுவார்.

மூன்று வருஷமும் விடியலில் ஒண்டிக்கடை வரைக்கும் கொண்டுபோய் மகளைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வண்டி திரும்ப இடமில்லாத அந்த வாசல் வழியாக உள்ளே போனவள், அங்கே இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. லைப்ரரியில் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை இருந்தாள். மைக்ராஸ்கோப் தன் முறைக்கு வராவிட்டால் சண்டை போட்டாள். பேராசிரியர்கள் செடி சேகரிக்கக் கிளம்பினால் முதல் ஆளாகப் போனாள், இங்கிலீஷ் பேசப் பழக்குகிறோம் என்றால் அங்கேயும் போய் உட்கார்ந்தாள். வீட்டில் செய்தித்தாளுக்கு நடுவே இலைகளை விரித்து, மேலே அப்பாவின் ஸ்டெப்னி டயரை ஏற்றி அமுக்கி வைத்தாள். டயர் பஞ்சரான ஒருநாள், செடி இன்னும் காயவில்லை என்று ஸ்டெப்னி இல்லாமலே சின்னராஜ் வண்டியோடு ரோட்டில் நின்றார். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

பட்டம் வாங்கியதும் மறுபடி சபை கூடியது. கோயம்புத்தூரில், ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. படிக்க சசிகலாவுக்கு இடம் கிடைத்திருந்தது. சேலத்திலேயே படித்தால் வீட்டிலிருந்து போய் வரலாம். சேர்வதற்கு அந்த வாரம்தான் கெடு. மகளைப் பிரிய மனமில்லாத காளியாயி சாமியைக் கேட்கச் சொன்னாள். சின்னராஜ் இந்தத் தடவை ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை என்று சத்தியமாகக் கட்டினார். எல்லாம் தெரிந்த சாமி அல்லவா.

ஒண்டிக்கடையில் சவாரிகள் இறங்கினார்கள். பொம்பளைப் புள்ளைக்குக் கோயம்புத்தூர் நொம்ப தூரம் என்று சொல்லிவிட்டு ரைட்டர் இறங்கினார். காளியாயி தேங்காய் வாங்கப் போனாள். சின்னராஜ் பொட்டலங்களை எடுத்துத் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். முன் சீட்டில் இருந்த சசிகலா சிரித்துவிட்டாள்.

"என்ன கண்ணு?"

"போன தடவ அதப் பிரிச்சது நானுங்கப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டுலயும் வெள்ளப் பூவ வெச்சரலாம்னுதான் பிரிச்சேன். பாத்தா ரெண்டுமே சிவப்பு. எனக்கு வெக்கமாப் போச்சு. அப்பனும் மகளும் சேந்து சாமிய ஏமாத்த வேண்டாம்னு, சீட்டுக்கடியில கெடந்த வெள்ளய எடுத்து ஒண்ணுல மட்டும் வெச்சேனுங்க. மீதி சாமி பாத்துக்கிச்சு."

மூன்று வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த அற்புதம் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது என்று கேட்டதும் கோபப்படத்தான் பார்த்தார். அதற்குக் குறுக்கே அவருடைய சொந்தத் திருட்டு உட்கார்ந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல, கண்ணு?"

"நீங்க கேக்கலீங்களே. ஜீப்புல ஏறுன எல்லார்த்தையும் கேட்டீங்க. சாமியக்கூடக் கேட்டீங்க. நானும் இங்கதானுங்க உக்காந்திருந்தேன்."

சின்னராஜுக்கு மனசு சுருங்கிப்போயிற்று. பலாப்பழக்காரரின் முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது, அன்றைக்கு மகளின் முகம் எப்படி இருந்தது என்பது நினைவில்லை. பையிலிருந்து பொட்டலங்களை எடுத்து அவள் மடியில் வைத்தார். ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை நிறுத்தினார்.

"செரி, இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன படிக்கோணும்? எங்க படிக்கோணும்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாறையில் ஒட்டும் பாசியில் தொடங்கி, கோயம்புத்தூர் ஆய்வுக்கூடம், அங்கே இருக்கும் ஒரு பேராசிரியை, முடித்துவிட்டு இதே மலைக்கு வந்து செய்ய நினைக்கிற வேலை என்று நிற்காமல் போனது பேச்சு. பாதி அவருக்குப் புரியவில்லை. தேங்காயோடு வந்த காளியாயி போலாமுங்களா என்றாள். "இரு, புள்ள பேசிட்டிருக்குது" என்றார்.

கோயிலில் தேங்காய் மட்டும் உடைத்தார்கள். திரும்பும்போதும் அவள் பேச்சு முடியவில்லை. வீட்டு வாசலில் காளியாயி முதலில் இறங்கி உள்ளே போனாள். சசிகலா சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, பூப்பொட்டலங்களோடு மெதுவாக இறங்கினாள். அன்றைக்கு அந்த ஜீப்பிலிருந்து கடைசியாக இறங்கியது அவள்தான்.